பாட்டும் புள்ளியும் – 9: ரோம் நகரில் ஒரு சமநிலை

சென்ற வாரம் மாட்ரிட்டில் நிறுத்தியிருந்தோம். 1969-ல் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் ஒரே புள்ளியில் வந்து நின்றன. சமநிலையைத் தீர்க்க விதி ஏதும் இல்லாததால் நால்வருக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் பட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மறு ஆண்டு போட்டிக்கு வராமல் ஒதுங்கிக்கொண்ட நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் சமநிலை விதி எழுதப்பட்டது, பின்னர் திருத்தவும் பட்டது. 1991-ல் அந்த விதியால் பட்டம் பெற்றவர் ஸ்வீடன்காரரான கரோலா ஹேக்விஸ்ட்.

ஸ்வீடனில் அவரைக் குடும்பப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. கரோலா என்றாலே போதும். 1966-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்த இவர், 1983 பிப்ரவரியில் மால்மோ நகரில் நடந்த மெலோடிஃபெஸ்டிவாலன் மேடையில் ஏறியபோது பதினாறு வயதுப் பெண். ஸ்வீடனிலிருந்து யூரோவிஷனுக்கு யார் போவது என்பதை முடிவு செய்யும் போட்டி அது. ‘அந்நியன்’ என்று பொருள்படும் ‘ஃப்ரெம்லிங்’ பாடலைப் பாடினார். பதினொரு நடுவர் குழுக்களும் ஒன்றுவிடாமல் முழுப் புள்ளியைக் கொடுத்தன. ஸ்வீடனின் ஆபா இசைக்குழு அப்போதுதான் மேடையிலிருந்து விலகியிருந்தது. அந்த வெற்றிடத்தில் ஒரு பள்ளி வயதுப் பெண்ணின் குரல் வந்து நின்றதும் நாடே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. மியூனிக்கில் நடந்த இறுதிப் போட்டியில் லக்சம்பர்க்குக்கும் இஸ்ரேலுக்கும் அடுத்து மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் அந்த ஆண்டு வந்த அவருடைய முதல் ஆல்பம், ஸ்வீடனில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் வரிசையில் சேர்ந்தது.

இவ்வளவு சீக்கிரம் உச்சிக்குப் போகிறவர்களின் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கரோலா தடம் மாறிக்கொண்டே இருந்தார். 1986-ல் பீ ஜீஸ் சகோதரர்களின் பாடல்களோடு ‘ரன்அவே’ என்ற ஆங்கில ஆல்பம் வந்தது. அதே பத்தாண்டில் உப்சாலாவின் ஒரு கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தார். அதனால் அவர்மீது விமர்சனங்கள் குவிந்தன. 1990-ல் மீண்டும் மெலோடிஃபெஸ்டிவாலனில் பாடி இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டே திரும்பி வந்து வென்றார்.

1991 மே 4, ரோம். யூரோவிஷன் போட்டி உண்மையில் சான்ரெமோவில் நடந்திருக்க வேண்டும். வளைகுடாப் போர்ச் சூழலில் பாதுகாப்பு கருதி, திரைப்படங்களுக்குப் பேர்போன சினெச்சித்தா படப்பிடிப்புத் தளத்துக்கு மாற்றினார்கள். தொகுத்து வழங்கியவர்கள் இத்தாலியின் முன்னாள் வெற்றியாளர்களான டோட்டோ குட்டுஞோவும் ஜிலியோலா சின்குவெட்டியும். அந்தந்த நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி அப்போது நடப்பில் இருந்தது. ஐரோப்பாவில் ஸ்வீடிஷ் புரிந்தவர்கள் எத்தனை பேர்? புயற்காற்றில் சிக்கிய ஒரு மனதைப் பற்றிய தன் ஸ்வீடிஷ் பாடலைக் கரோலா குரலின் வேகத்தாலேயே கொண்டுசேர்த்தார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் மூன்று நிமிடங்கள் அவை.

22 நாடுகளின் புள்ளிகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்வீடனும் இஸ்ரேலும் பிரான்ஸும் நெருக்கமாக ஓடின. கடைசி வாக்கு இத்தாலியுடையது. அது தன் உச்சப் புள்ளியான 12-ஐ பிரான்ஸுக்குக் கொடுத்ததும் பலகையில் இரண்டு 146-கள் நின்றன. பிரான்ஸுக்காகப் பாடியவர் துனீசியாவில் பிறந்த அமினா அன்னாபி. வட ஆப்பிரிக்க வாசனையோடு அமைந்த, அந்த மேடைக்குப் புதிதான பாடல் அவருடையது.

அரங்கில் குழப்பம். பிறகு விதிப்புத்தகம் பேசியது. முதலில் யார் அதிகமான 12-களைப் பெற்றார் என்று எண்ணு என்றது விதி. இருவருக்கும் நான்கு. அடுத்து 10-களை எண்ணினார்கள். கரோலாவுக்கு ஐந்து, அமினாவுக்கு இரண்டு. பட்டம் ஸ்வீடனுக்குப் போனது.

பிற்பாடு வந்த விதி வேறு. அதிக நாடுகளிடமிருந்து புள்ளி பெற்றவரை அது முதலில் பார்த்தது. அந்தக் கணக்கில் அமினா வென்றிருப்பார். இதைச் சொல்லி கரோலாவின் வெற்றியைக் குறைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விதி போட்டிக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது, எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் அமினாவைத் தோற்றவர் என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. பட்டத்தில் பங்கு இல்லாமல் போனாலும், புள்ளியில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர்.

கரோலா அதன்பின் 1995-ல் ஸ்டாக்ஹோம் நாடக மேடையில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ மரியாவாக நடித்தார். பக்திப் பாடல்களும் கிறிஸ்துமஸ் ஆல்பங்களும் வெளியிட்டார். 2006-ல் நாற்பதை நெருங்கும் வயதில் மூன்றாவது முறையாக ஏதென்ஸ் யூரோவிஷன் மேடைக்கு வந்தார். மொழிக் கட்டுப்பாடு அதற்குள் நீங்கியிருந்ததால் இம்முறை ஆங்கிலத்தில் பாடினார். பின்லாந்தின் லோர்டி குழு வென்ற அந்த இரவில் அவருக்கு ஐந்தாம் இடம். மூன்றாவது, முதலாவது, ஐந்தாவது: இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே பாடகி எட்டிய இடங்கள் இவை. ஒரு கோப்பையைவிட இந்த நீளம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஸ்வீடன் இதுவரை ஏழு முறை வென்றிருக்கிறது. தன் சொந்த மொழியில் பாடி அது கடைசியாக வென்றது 1991-ல், கரோலாவின் குரலில்தான். முடிந்தால் இந்த வாரம் கரோலா, அமினா இருவரின் பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டுவையுங்கள். அடுத்த வாரம், 2012-ல் பாகுவிலும் 2023-ல் லிவர்பூலிலும் வென்ற லோரீன்.