ஆடுகிற படகை நம்பலாம்

கயாக்கில் முதன்முதலாக உட்காருபவருக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே நடுங்குவதுபோல் இருக்கும். அடி தட்டையான, அகலமான படகாகக் கிடைத்தால் தேவலை என்று தோன்றும். ஏரிக்கு அது சரி. அலையடிக்கும் கடலில் அந்த அகலமே ஆபத்தாகலாம்.

படகும் ஆளும் சேர்ந்த எடை ஈர்ப்பு மையத்தின் வழியே கீழே அழுத்துகிறது. நீர் மிதப்பு மையத்தின் வழியே மேலே தள்ளுகிறது. படகு சாய்ந்ததும், அமிழ்ந்த பக்கமாக மிதப்பு மையம் நகரும். எடையின் கோட்டைத் தாண்டி அது வெளியே இருக்கும்வரை படகு நிமிர்ந்துகொள்ளும். இதைக் கணக்காக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர். 1746-இல் வெளிவந்த அவருடைய கப்பல் நூலின் பெரும்பகுதி, பூமியின் வடிவத்தை அளக்க ஆண்டீஸ் மலைகளுக்குப் போயிருந்தபோது எழுதப்பட்டது! அந்தக் கணக்கில் அகலம் மூன்றாம் படியில் வருகிறது. நீளமும் எடையும் மாறாமல் நீர்மட்ட அகலம் 60 செ.மீ.யிலிருந்து 50 செ.மீ. ஆனால், வடிவம் தரும் நிமிர்த்தும் திறனில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும்.

ஆனால் நிமிர்வது எதைப் பொறுத்து? நீர்ப்பரப்பைப் பொறுத்து. பரப்பே அலையாய்ச் சரியும்போது அகலப் படகும் கூடவே சரிந்து, உள்ளிருப்பவரையும் சரிக்கும். ஒடுக்கமான கயாக்குக்கு அந்தப் பிடிவாதம் குறைவு. இடுப்பின் சிறு அசைவுக்கும் அது கட்டுப்படும்.

கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள். கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கிய மரங்களால் சட்டம் கட்டி, சீல் தோல் போர்த்திய அவர்களுடைய கயாக்குகள் 5 மீட்டருக்கு மேல் நீளமும் 50 செ.மீ. அளவுக்கே அகலமும் கொண்டவை. பக்கங்கள் மேல்நோக்கி விரிந்திருக்கும். தொடக்கத்தில் ஆடும், சாயச் சாய விரிந்த பக்கம் அமிழ்ந்து தாங்கிப் பிடிக்கும்.

'துயிலிக்' என்ற தோல் மேலாடையின் ஓரத்தை இருக்கை வளையத்தில் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். நீர் புகாது, கவிழ்ந்தால் சட்டென்று வெளியேறவும் முடியாது. அதனால் படகோடு சேர்ந்தே நிமிரப் பழகினார்கள். துடுப்பை வீசி, இடுப்பைச் சுழற்றிப் படகை முதலில் திருப்பி, பின்தளத்தின்மேல் மல்லாந்தபடி எழுந்து, தலையைக் கடைசியாக வெளியே எடுப்பார்கள். மூச்சுக்குத் தவிக்கும் மனம் தலையைத்தான் முதலில் தூக்கச் சொல்லும். அப்படித் தூக்கினால் தலைக்கு நீரின் தாங்கல் போய், அதன் 4, 5 கிலோ எடையும் படகை மறுபடி உள்ளே இழுத்துவிடும்.