டேங்க்கும் டாங்கியும்

1915 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு பெயர்ச் சிக்கல். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில், பள்ளம் அகழி எதையும் தாண்டி ஊர்ந்துபோகும் இரும்பு வண்டி ரகசியமாக உருவாகிக்கொண்டிருந்தது. காகிதங்களில் அதைத் 'தரைக்கப்பல்' என்று எழுதிவந்தார்கள். எதிரி காதில் விழுந்தால் குட்டு உடைந்துவிடும். மெசபடோமியாவுக்குத் தண்ணீர் சுமக்கும் வண்டி என்று தொழிலாளர்களிடம் ஏற்கெனவே ஒரு கதை உலவியது. அதற்கு ஒத்துப்போகும்படி ராணுவ அதிகாரி எர்னஸ்ட் ஸ்விண்டன் முதலானோர் தொட்டியைக் குறிக்கும் சொற்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, கடைசியில் 'டேங்க்' என்று வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அந்த வண்டிகள் முதன்முதலாக இறங்கின. ரகசியம் அன்றோடு போயிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரே இந்தியத் தண்ணீரில் ஊறியதுதான். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் மழைநீரைச் சேமிக்க முற்றத்துக்கு அடியில் தொட்டி கட்டுவார்கள். குஜராத்தியில் அது 'டாங்க்கு'. மராட்டியக் கோட்டைகளில் பாறையைக் குடைந்த நீர்த்தொட்டி 'டாக்கே'. போர்ச்சுக்கீசியரிடமும் குளத்துக்கு இதே ஓசையில் ஒரு சொல் இருந்தது. எது தாய், எது பிள்ளை? தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல்லும் ஹென்றி யூலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, இதற்கு இரண்டு ஊற்றுகள் என்றே சொன்னது.

மதராஸ் மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்தச் சொல் மிக வசதியாகிப் போனது. ஏரி, கண்மாய், ஊருணி, கோயில் தெப்பக்குளம் என்று நம் ஊர்க்காரர் பிரித்துச் சொன்ன அத்தனையும் அவர்கள் கணக்கில் 'டேங்க்'. சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கம் பரந்து கிடந்த ஏரிக்கு 'லாங் டேங்க்' என்று பெயர். 1920-களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இன்னும் இருக்கிறது, கரைக்குள் ஏரிதான் இல்லை. இலங்கையிலும் இதே கதை: மன்னாரின் கட்டுக்கரைக்குளம் ஆங்கில வரைபடங்களில் 'ஜயன்ட்ஸ் டேங்க்'. ஊர்க் குளத்தில் மாடு இறங்கியதை இந்த ஆங்கிலத்தில் சொன்னால் லண்டன்வாசி திகைப்பார். அவருக்கு டேங்க் என்றால் மூடி போட்ட தொட்டி.

தமிழ்நாட்டின் பேச்சிலும் இப்போது அதுதான். மொட்டைமாடி டேங்க், செப்டிக் டேங்க், பெட்ரோல் டேங்க். போர்வண்டிக்கு மட்டும் நம் பத்திரிகைகள் 'டாங்கி' என்று தனி உருவம் கொடுத்துவிட்டன. ஆவடித் தொழிற்சாலையில் செய்வது டாங்கி, அங்கே மாடியில் நிற்பது டேங்க். இலங்கைத் தமிழர் இன்னும் ஒரு படி மேலே போய், தண்ணீரைத் தாங்குவதால் 'நீர்த்தாங்கி' என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்காவிலோ சொல் வேறு திசையில் நீந்தியது. அங்கே ஒரு காலத்தில் நீச்சல்குளமும் டேங்க்தான். குளத்தில் போட்டுக்கொண்ட கையில்லாத நீச்சலுடையிலிருந்து வந்தது 'டேங்க் டாப்' பனியன். காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே கீழே விழும் குத்துச்சண்டை வீரரை, குளத்தில் பாய்ந்துவிட்டார் என்று கேலி பேசினார்கள். அங்கிருந்துதான் டேங்க் வினைச்சொல் ஆனது. பங்குச்சந்தை சரிந்தாலும், பெரிய நடிகரின் படம் மூன்றே நாளில் சுருண்டாலும், ஆங்கிலத் தலைப்புகளில் அது 'டேங்க்' ஆகிவிட்டது என்றுதான் வரும்.

விளையாட்டில் மட்டும் அந்தப் பழைய சூது இன்னும் ஒட்டியிருக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் பட்டியலின் அடியில் இருக்கும் அணிகளுக்கே சிறந்த இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் சலுகை கிடைத்துவந்தது. தோற்றால் லாபம் என்றால் யார்தான் வியர்வை சிந்துவார்கள்? 1985-இல் லீக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் கடைசி இடங்களில் இருந்தவர்களுக்கே குலுக்கலில் வாய்ப்பு அதிகமாக்கப்பட்டதால், சீசன் முடியும் தறுவாயில் எந்த அணி 'டேங்க்' பண்ணுகிறது என்ற பேச்சு ரசிகர்களிடையே கிளம்பிவந்திருக்கிறது.