யோசிக்காதே என்றால் மனம் கேட்காது

"அதையே நினைச்சுக்கிட்டுக் கிடக்காத மைனி." ராத்திரி போன வள்ளம் விடிந்தும் கரை சேராத நாளில், பெரியதாழையில் எந்த வீட்டு நடையிலும் இந்த வார்த்தை காதில் விழும். சொல்கிறவருக்கு அன்பு இருக்கிறது, கேட்கிறவருக்கும் அது தெரிகிறது. ஆனாலும் நினைப்பு நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை, வேறு என்ன செய்யலாம் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவோம். டீ சூடாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார். 5 நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணி அடிக்க வேண்டும். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கும் மேல் மணி அடித்தது. பிறகு, "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்காமல் இருக்க வேண்டுமென்றால், அது உள்ளே வந்துவிட்டதா என்று மனதின் ஒரு மூலை காவல் காக்க வேண்டும். எதைத் தடுக்கிறோம் என்பது காவல்காரனுக்குத் தெரிந்திருந்தால்தானே காவல் காக்க முடியும்? ஆகத் தடுக்கிற வேலையே அந்த நினைப்பை உயிரோடு வைத்திருக்கிறது. கரடியோடு ஒட்டும் உறவும் இல்லாத மாணவர்களுக்கே இந்தப் பாடு. கடலில் கிடக்கிற புருஷனையோ மகனையோ நினைக்காமல் இருக்கச் சொன்னால் எப்படி முடியும்?

செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லும்போது, அந்தப் பெண் தன் மேல் இன்னொரு பழியையும் ஏற்றிக்கொள்கிறாள். "எல்லாரும் சொல்லுதாவ, எனக்குத்தான் முடியல, நான்தான் தைரியம் இல்லாதவ." இல்லை அம்மா. மனித மனம் எல்லாருக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது. நினைப்பைத் தடுக்கப் போராடுவதைவிட, அதற்கு ஒரு நேரமும் ஒரு வேலையும் கொடுப்பதுதான் பலிக்கும்.

முதலில், யோசனை வேறு, அசைபோடுவது வேறு. பெரியதாழை மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே திறந்த கடலைப் பார்த்து நிற்கிற ஊர். கடல் அரிப்புக்காகத் தூண்டில் வளைவு கேட்டுக் குரல் கொடுத்த ஊர். இங்கே கவலைப்படக் காரணம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் முன்கூட்டியே சொல்கிறது. கள்ளக்கடல் எழும்பப் போகிறது என்ற எச்சரிக்கையும் அங்கிருந்து வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்வது யோசனை. கூடப் போன வள்ளங்கள் எவை, அதில் யாருடைய போன் கிடைக்கும் என்று எழுதிவைப்பது யோசனை. வானிலையை ராத்திரி முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பது அசைபோடுவது. முதல் பார்வை கொடுத்த செய்திக்கு மேல் பத்தாவது பார்வை எதையும் கொடுக்காது, பயத்தை மட்டும் புதுப்பிக்கும். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தில் எஞ்சினை ஓடவிட்டால் மண்ணெண்ணெய்தான் தீரும், வள்ளம் நகராது. உங்கள் நினைப்பு எந்த வகை என்று தெரிய எளிய வழி ஒன்று உண்டு. அரை மணி நேரம் நினைத்த பிறகு, செய்ய வேண்டிய காரியம் ஒன்றாவது பிறந்ததா? பிறந்திருந்தால் அது யோசனை. தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றால் அசைபோட்டிருக்கிறீர்கள்.

அசைபோடுவது மனதை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு எதிர்பாராமல் கிடைத்த ஒரு சான்று இருக்கிறது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, துயரம் வந்தால் அவரவர் மனம் என்ன செய்யும் என்று பதிந்துவைத்திருந்தார். 14 நாள் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, அந்த வட்டாரத்தையே உலுக்கிய பூகம்பம் வந்தது. மறுபடி அதே மாணவர்களிடம் விசாரித்தார். "எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று துயரத்தையே திரும்பத் திரும்பத் தோண்டும் பழக்கம் முன்பே இருந்தவர்களுக்கு 7 வாரம் கழித்தும் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. பூகம்பம் எல்லாருக்கும் ஒன்றுதான். முன்பே ஊறியிருந்த பழக்கம்தான் வித்தியாசம் செய்தது. எனக்கு இதில் நம்பிக்கை தருவது அந்தப் பழக்கம் என்ற சொல்தான். பிறவிக் குணத்தை மாற்றுவது கடினம், பழக்கத்தை மாற்றலாம்.

மாற்றுவதற்கான ஒரு வழிமுறையை 1983-ல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவரது சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். கவலைப்பட ஒரு இடம், ஒரு நேரம், அரை மணி. தினமும் அதே இடம், அதே நேரம். மற்ற வேளையில் கவலை வந்தால் அதைத் துரத்த வேண்டாம். "வந்தியா, சரி, சாயந்திரம் பாத்துக்கிடுவோம்" என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு கையில் இருக்கிற வேலையைப் பார்க்க வேண்டும். நேரம் வந்ததும் தாளை எடுத்து வைத்து முழு மனதோடு கவலைப்பட வேண்டும். 4 வாரம் இப்படிச் செய்தவர்கள் நாள் முழுக்கக் கவலைப்பட்ட நேரம் குறைந்திருந்தது. கேட்கிறபோது சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். ஆனால் கரடியை இப்போது நினையுங்கள். இங்கே யாரும் நினைக்காதே என்று சொல்லவில்லை, பிறகு நினை என்கிறார்கள். ஒத்திவைப்பது மனதால் முடிகிற காரியம். காலையில் எழுதிவைத்த ஐந்தில் இரண்டு, சாயந்திரம் பார்க்கும்போது தானாகவே உலர்ந்து போயிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த அரை மணியைப் பாயில் படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். படுக்கை தூக்கத்துக்கு மட்டும் பழகட்டும். வள்ளம் பின்னிரவில் இறங்குகிற வீட்டில் தூக்கம் ஏற்கெனவே துண்டுதுண்டுதான்.

மாலை ஜெபமாலை சொல்கிற வீடுகளில் இந்த அரை மணியை அதற்கு முன் வைத்துக்கொள்ளலாம். தாளில் எழுதியதில் நம்மால் ஆகிறதைப் பிரித்துவிட்டால், மீதியை மாதாவிடம் ஒப்படைக்க மனம் லேசாக இருக்கும். உளவியல் என்றால் ஜெபத்தை விடச் சொல்லும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கவலையும் மனதில் பிறந்ததல்ல. வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடன், முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைக் கொடுக்க வேண்டிய கட்டு, பாடு இல்லாத வாரத்தில் ஏறுகிற வட்டி, இவையெல்லாம் நிஜம். "நல்லதையே நினை" என்று சொன்னால் வட்டி குறையாது. கடன்பட்டவரிடம் அப்படிச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. இப்படிப்பட்ட நிஜக் கவலைக்கு வழிகாட்டியது ஜிம்பாப்வே. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்ததால், 2006-ல் ஹராரே நகரின் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவமனை வாசலில் ஒரு பெஞ்ச், அதில் ஒரு பாட்டி. வருகிறவர் எல்லாக் கஷ்டத்தையும் சொல்லி முடிக்கும்வரை பாட்டி கேட்பார். பிறகு, "இதில் முதலில் எதைப் பார்க்கலாம், நீயே சொல்" என்பார். ஒன்றே ஒன்று. அதற்கு இந்த வாரம் செய்யக்கூடியது என்ன, யாரைப் போய்ப் பார்ப்பாய், எப்போது? அடுத்த வாரம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். 2016-ல் வெளியான ஆய்வு 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் நடந்தது. பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் நன்றாகக் குறைந்திருந்தன. கடன் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. "என்னால் ஒன்றும் ஆகாது" என்ற எண்ணத்தில்தான் முதல் விரிசல் விழுந்தது. நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். மொத்தக் கடனையும் ஒரே மூச்சில் நினைக்காமல், இந்த வாரம் அடகு வட்டியைப் பற்றி யாரிடம் பேசுவது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோர்வு முற்றியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், "மனசு சரியானதும் எந்திரிச்சு வேலை பாப்பேன்" என்பார். மனம் சரியாகட்டும் என்று காத்திருந்தால் அது சரியாவதில்லை. காரியம் முன்னே போனால் மனம் பின்னே வரும். கோவாவில் சங்காத் என்ற அமைப்பு இதையே ஆதாரமாகக் கொண்டு, மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களைச் சந்திக்க வைத்தது. ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள்தான். முன்பு பிடித்திருந்த, இப்போது கைவிட்ட சின்னக் காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைப்பதே மருந்து. கடற்கரை வரை நடப்பது, அக்காவிடம் போய்ப் பேசுவது, தலைவாரிப் பூ வைப்பது. 2017-ல் வந்த முடிவின்படி 3 மாதத்தில் இவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் தேறியவர்கள் 39 சதவீதம். குடிப்பழக்கத்துக்கும் அதே அமைப்பு ஒரு ஆலோசனை முறையை உருவாக்கிச் சோதித்தது, அதிலும் குடியை நிறுத்தியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். அதன் அடிப்படை, திட்டாமல் பேசுவது. குடித்துவிட்டு வந்த ராத்திரியில் அல்ல, தெளிவாக இருக்கிற காலையில்.

வீட்டுப் பேச்சுக்கு வருவோம். மனதில் உள்ளதைக் கொட்டினால் பாரம் குறையும் என்பது பாதி உண்மை. அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002-ல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரே கவலையை மணிக்கணக்காகச் சேர்ந்து பேசும் தோழிகளுக்கு நட்பு நெருக்கமாகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறுகின்றன. இரண்டு பேர் சேர்ந்து அசைபோட்டாலும் அது அசைபோடுவதுதான். அதனால் வாய் அடைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. முதலில் கேளுங்கள். "யோசிக்காத" என்பதற்குப் பதில், "என்ன நினைப்பு ஓடுது, சொல்லு மக்கா" என்று கேளுங்கள். நடுவில் புத்தி சொல்லாதீர்கள். அழுதால் அழ விடுங்கள். சொல்லி முடித்ததும், "சரி, நாளைக்கு விடிஞ்சதும் என்ன செய்யலாம்?" என்ற ஒரு கேள்வியோடு எழுந்துவிடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கேட்காமல் வழி சொன்னால் அவமதிப்பாகப் படும். கேட்டுவிட்டு வழி தேடாமல் போனால் இருவரும் சேர்ந்து முங்குவீர்கள். ஆண்பிள்ளைகளிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். கடலில் பயந்தேன் என்று சொல்ல அவர்களுக்கு வீட்டில் ஓர் இடமாவது வேண்டும்.

பதிலே இல்லாத கேள்வி ஒன்று உண்டு. அங்கே இதுவரை சொன்ன எந்த முறையும் முழுதாகப் பலிக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தபோது, குமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் அடக்கம் இல்லை. மனைவி விதவையா, காத்திருப்பவளா என்று அவளுக்கே தெரியாது. சட்டமும் 7 ஆண்டுகள் செய்தி இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ளும். வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களோடு 1970-களில் பழகிய பாலின் பாஸ் என்ற ஆய்வாளர், இதுவே துயரங்களில் ஆகக் கடினமானது என்று கண்டார். இதை முடித்துவிட்டு மறக்கச் சொல்வது தவறு என்பது அவர் கருத்து. "வரலாம், வராமலும் போகலாம்" என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், சிரிக்கலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம் என்றார். வீட்டில் தாய், "என் பிள்ள வருவான், பூசை வைக்க விடமாட்டேன்" என்பார். மருமகள் நினைவுத் திருப்பலி வைக்க விரும்புவாள். இருவருக்குமே பாசம் ஒன்றுதான். யாரையும் கட்டாயப்படுத்தாமல், இருவர் நம்பிக்கைக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் விட்டால் அந்த வீடு உடையாமல் நிற்கும்.

இதையெல்லாம் ஒரு பத்தியைப் படித்துவிட்டுத் தனியாகச் செய்வது சிரமம். தூக்கம், பசி, ஆசை எல்லாம் போய் 2 வாரம் ஆகியும் திரும்பவில்லை என்றாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தாலோ, அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அதற்கு முந்தின படிக்கு ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 2004 சுனாமியில் உறவுகளை இழந்த சென்னை மீனவக் குடியிருப்பு மக்களை, 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்ததை அவர் ஆய்வாகவே எழுதியிருக்கிறார். இந்தக் கரையில் பங்குதோறும் அன்பியக் கூட்டங்கள் இருக்கின்றன, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள், கூடவே கடலுக்குப் போய்வந்த மூத்த ஆண் ஒருவர், இந்தக் கேட்கும் முறையைச் சில வாரம் கற்றுக்கொண்டால் போதும். மாவட்ட மனநலத் திட்டத்து ஆட்களைப் பங்குக்கு அழைத்துப் பயிற்சி கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம், அடுத்த புயல் எச்சரிக்கை வருமுன்னே.