எச்சில் வற்றிய வாய்

பழவேற்காடு ஏரியில் படகு கிளம்பும்போது தண்ணீர்க் கேன், டார்ச் லைட்டோடு இன்னொன்றும் கூடவே போகும். சின்ன பிளாஸ்டிக் பையில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட மாவா. சீவல் பாக்கு, புகையிலைத் தூள், சுண்ணாம்பு மூன்றையும் தேய்த்துக் கலந்தது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் தூக்கம் வராது, பசி தெரியாது, வாய் காயாது. உப்புக்காற்றில் ராத்திரி முழுக்க வலையோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இந்த மூன்றுமே தேவைதான். ‘கெட்ட பழக்கம்’ என்று கரையில் நின்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

‘வாய் காயாது’ என்பது வெறும் நம்பிக்கையும் அல்ல. பாக்கில் அரெக்கோலின் என்ற பொருள் இருக்கிறது. எச்சில் சுரப்பிகளைச் சுரக்கச் சொல்லும் நரம்புகள் என்ன சமிக்ஞை கொடுக்குமோ அதையே இதுவும் கொடுக்கும். வாய் உலர்ந்துபோன நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதித்தரும் பைலோகார்பைன் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். ஆக, மாவா போட்டவுடன் எச்சில் ஊறுவது உண்மை. வில்லங்கம் பல வருஷம் கழித்து வருகிறது.

தினமும் பாக்கும் சுண்ணாம்பும் உரசிக்கொண்டே இருக்கும் உட்கன்னத்தில் அழற்சி ஆறாமல் நீடிக்கிறது. அரெக்கோலின் அங்குள்ள செல்களைத் தூண்டி நார்ப்பொருளை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. அந்த நாரைக் கரைக்கும் உடலின் ஏற்பாடும் மந்தமாகிவிடுகிறது. டாக்டர்கள் இதை சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். நோயாளி சொல்வது வேறு: ‘வாய் எரியுது, காரம் ஆகல, தொறக்க முடியல.’ இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய உட்கன்னம் பளிங்குக்கல் மாதிரி வெளுத்திருக்கும். விரல் விட்டுத் தடவினால் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நார் தட்டுப்படும். நாக்கை முழுசாக வெளியே நீட்ட வராது. சீழ்க்கை அடிக்க வராது. நடுவிரல்கள் மூன்றை நெடுக்காக அடுக்கி வைத்தால் உள்ளே போகவேண்டிய வாயில் இரண்டு போகும், அப்புறம் ஒன்றுதான் போகும்.

எச்சில் கதை இங்கேதான் தலைகீழாகிறது. காதுக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் உள்ள பெரிய சுரப்பிகள் தவிர, உதட்டின் உட்புறம், கன்னம், அண்ணம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குட்டிச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. வாயின் சதை ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுவழுப்பாக இருப்பதில் பெரும்பங்கு இவற்றுக்கு. நார் இறுக இறுக இவை நசுங்கிச் சுருங்கிவிடுகின்றன. வாயை நனைக்கப் போட்ட பாக்கே வாயைக் காயவைக்கிறது. காய்ந்த வாய் எரியும். எரிச்சல் தெரியாமல் இருக்க இன்னொரு சிட்டிகை உள்ளே போகும். மீன் குழம்பு வைக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் மீன் துண்டைத் தண்ணீரில் அலசித் தின்கிறார் என்றால், அவர் வாயைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இதில் புகையிலைதான் வில்லன் என்று பலரும் நினைக்கிறார்கள். ‘புகையிலை இல்லாத பாக்குதானே’ என்று பிள்ளைகளுக்கும் ஒரு பொட்டலம் கிடைத்துவிடுகிறது. இந்த நோய் நவீன மருத்துவத்தில் முதலில் பதிவானது 1952இல். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் கண்டதை ஷ்வார்ட்ஸ் என்பவர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே பம்பாயில் டாக்டர் ஜோஷி இதே நோயை விவரித்தார். பிறகு குற்றவாளி பாக்குதான் என்று தெளிவானது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் வைத்தது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த வாய் இறுக்கம் உள்ள 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. தமிழ்நாட்டில் 2013இல் வந்த குட்கா தடையை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்ததும், சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் செய்தியாக வந்தவை. சீவல் பாக்குக்கு எந்தத் தடையும் இல்லை.

பாக்கையே தொடாதவர்களுக்கும் வாய் உலரும். நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் லைக்கன் பிளானஸ் அப்படி ஒன்று. உட்கன்னத்தில் வெள்ளை நூலால் பின்னியதுபோல் கோடுகள், இடையிடையே சிவந்த புண். உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சவ்வையே தாக்குவதால் வருகிற நீண்டகால அழற்சி இது, தொற்றாது. இவர்களில் பலர் ‘நாக்கு ஒட்டுது’ என்பார்கள். அளந்து பார்த்தால் சிலருக்கு எச்சிலின் அளவு சரியாகவே இருக்கும். அதற்காக அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஆகாது. சவ்வு கெட்டு, அதன்மேல் படியும் வழுவழுப்பு குறைந்தால், எச்சில் இருந்தும் உலர்வு தெரியும். கண்ணும் சேர்ந்து உலர்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தினால், மூட்டும் வலித்தால், ஷோகிரன் என்ற இன்னொரு நோயைச் சந்தேகிக்கவேண்டும். அதில் எதிர்ப்பு சக்தி சுரப்பிகளையே தின்கிறது.

பழவேற்காட்டுக் கழிமுகங்களில் வாய் ஒரு தொழில் கருவியும்கூட. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு, கழுத்தளவு உவர்நீரில் மணிக்கணக்கில் நகர்வார்கள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றில் இருக்கும். உதடு வெடித்து, வாயில் புண்ணும் இருக்கிற ஒருத்திக்கு அந்தப் பறியைக் கடிப்பது எப்படி இருக்கும் என்று எந்தச் சுகாதாரப் படிவமும் கேட்பதில்லை.

கேட்காமல் விடுவதுதான் என் ஆதங்கம். ‘வாய்ப்புண்’ என்று போனால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கிடைக்கிறது. எச்சில் ஊறுகிறதா என்று கேட்க ஆளில்லை. நோயாளியும் அதைச் சொல்வதில்லை, தாகம் என்று நினைத்துக்கொள்கிறார். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் எச்சில்தான் பல்லில் படியும் அமிலத்தை முறிக்கிறது, காளானை அடக்கி வைக்கிறது, சோற்றை உருட்டித் தொண்டைக்கு அனுப்புகிறது. அது குறைந்தால் ஈறோரமாகப் பல் சொத்தையாகும். புண்ணுக்குத் தடவும் ஸ்டீராய்டு களிம்பால் வெள்ளைக் காளான் படர்வதும் உலர்ந்த வாயில் சுலபம்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். பல் டாக்டரின் கண்ணாடி உட்கன்னத்தில் வழுக்காமல் ஒட்டிக்கொண்டால் அதுவே அடையாளம். குனிந்து உட்கார்ந்து, வாயில் ஊறுவதை அளவுக்கோடு போட்ட கப்பில் ஐந்து நிமிஷம் வடியவிட்டால், நிமிஷத்துக்கு 0.1 மில்லிக்கும் கீழே என்றால் சுரப்பு குறைந்தது நிச்சயம். வீட்டில் என்றால், ஒரு ரஸ்க்கைத் தண்ணீர் தொடாமல் விழுங்க முடிகிறதா என்று பார்க்கலாம்.

ஆனால் டாக்டரிடம் போவதற்கே ஒரு நாள் வேண்டும். இந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்கூடி முறை வைத்திருப்பார்கள். பொன்னேரிக்கோ, சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகிற நாள் தன் முறை நாளாக இருந்தால், அந்த வருமானம் போச்சு. அடுத்த முறைக்குக் காத்திருக்கவேண்டும். இறால் ஓடும் பருவத்தில் வாய் உலர்வுக்காக யார் கிளம்புவார்? வாய்நோய் பார்க்கத் தெரிந்த ஒருவர் மீன் ஏலம் முடியும் நேரத்தில் குப்பங்களுக்கு வந்து உட்காரட்டும். முகாம் நேரத்தை ஆபீஸ் நேரத்துக்கு வைப்பதில் பிரயோஜனமில்லை.

அதுவரை செய்யக்கூடியவை சில. பாக்கை எந்த வடிவிலும் நிறுத்துவது முதல் வேலை. இறுகிய நார் முழுசாக இளகாது, ஆனால் மேலும் இறுகுவது மட்டுப்படும். கடலில் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் அடிக்கடி ஒரு வாய் நனைத்துக்கொள்ளலாம். எச்சில் ஊறும் என்று எலுமிச்சை மிட்டாயோ புளிப்பு மிட்டாயோ ஒதுக்கிக்கொள்வது தவறு, உலர்ந்த வாயில் பல் சீக்கிரம் போய்விடும், புண்ணும் எரியும். சர்க்கரை சேராத சூயிங்கம் நல்லது, வாய் திறப்பு குறைந்தவர்களுக்குத் தாடைப் பயிற்சியாகவும் ஆகும். ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் வாயைக் காயவைக்கும், என்ன சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லவேண்டும். பைலோகார்பைனை ஆஸ்துமா உள்ளவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ, தடித்த வெள்ளைப் படலமோ இருந்தால், பாடு நாளாக இருந்தாலும் சரி, பஸ் ஏறிவிடவேண்டும்.