உங்களுக்குத் தெரியுமா? பழைய அம்பாசடருக்குள் இருப்பது எந்த எஞ்சின்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போய்வரப் பழைய அம்பாசடர் தேடுகிறீர்களா? பெயின்டைப் பார்த்து மயங்காமல் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். 2014 வரை தயாரான இந்த வண்டி பல எஞ்சின்களைச் சுமந்தது. நெடுங்காலம் ஓடியது 1489 சிசி பிஎம்சி பெட்ரோல் எஞ்சின். அதே அளவில் டீசலும் உண்டு. 1990களில் 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சின் ஐந்து கியரோடு வந்தது.

ஸ்பார்க் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்தால் பெட்ரோல். அவற்றுக்குப் பதில் இன்ஜெக்டர்களுக்குக் குழாய் போகும் பம்ப் இருந்தால் டீசல். கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் ஒரே பக்கம், இடப்பக்கம், சேர்ந்திருப்பது பிஎம்சி பெட்ரோலின் அடையாளம். நான்கு கியர் வண்டியில் ஐந்து கியர் விழுந்தால் கியர்பாக்ஸும் மாறியிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆனாலும் கடைசிச் சாட்சி எண்தான். பிளாக்கில் கிரீஸைத் துடைத்து, பொறித்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இடம் ராவியிருந்தால் வண்டியே வேண்டாம். எஞ்சின் மாற்றத்தை ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதிவு முடியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.