உங்களுக்குத் தெரியுமா? துணி காயப் போடுவதும் கொழுப்பைக் கரைக்கும்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் குழுவினர் 16 பேருக்கு 8 வாரம், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி உணவு கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1999-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரை கிலோகூட இல்லை. இன்னொருவருக்கோ 4 கிலோவைத் தாண்டிவிட்டது! யாரும் கூடுதலாக உடற்பயிற்சி செய்யவில்லை. எழுவது, நிற்பது, நடப்பது, உட்கார்ந்த இடத்திலேயே நெளிவது போன்ற சின்னச் சின்ன அசைவுகளில்தான் பெரும்பாலான வித்தியாசம் இருந்தது.

வீட்டிலேயே அடைந்து கிடக்கும்போது முதலில் குறைவது இந்த அசைவுகள்தான். பஸ் ஸ்டாப் வரை நடை இல்லை, ஆபீஸ் மாடிப்படி இல்லை. ஆகவே போன் வந்தால் எழுந்து நடந்தபடியே பேசுங்கள். துவைத்த துணியை வாளியோடு மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், ஒவ்வொன்றாகக் குனிந்தெடுத்து, உதறி, கொடியில் போடுங்கள். இடுப்பு, தோள், கால் எல்லாமே வேலை செய்யும்.

சாப்பிட்டதும் சோபாவில் சாய்வதுதான் பெரிய தவறு. உடல் பருமன் உள்ள நடுவயதினரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்ததிலேயே, உணவுக்குப் பின் ஏறும் ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது.

‘நாற்பது தாண்டியாச்சு, மெட்டபாலிசம் குறைஞ்சிடுச்சு’ என்று சோர்ந்துபோகவும் வேண்டாம். 6,400-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசிய 2021-ஆம் ஆண்டு ஆய்வின்படி, உடல் அளவைக் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயது வரை அது பெரிதாக மாறுவதில்லை.