மைதான வாத்தியார்கள் – 9: ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நந்தனம் வரை

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாலிபால் கோர்ட் போடும் பி.டி. சாரை ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும். முளைக்குச்சி அடித்து, கயிறு இழுத்து, பாதிக் கோர்ட்டுக்கு ஒரு பக்கம் 9 மீட்டர், அடுத்த பக்கம் 9 மீட்டர் அளப்பார். அதோடு விடமாட்டார். மூலைக்கு மூலை குறுக்காக டேப்பைப் பிடிப்பார். 12 மீட்டர் 73 சென்டிமீட்டர் வந்தால்தான் மூலை மட்டம் சரி. கொஞ்சம் தள்ளியிருந்தாலும் முளையைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்புத் தூள். கணக்கு வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள், அது எதற்கு என்று தெரிந்துகொள்வது அந்தக் கயிற்றோரத்தில்தான்.

விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பவரும் வாத்தியார்தான் என்ற எண்ணம் நம் ஊர்ப் பக்கம் வந்தது ஓர் அமெரிக்கர் வழியாக. அவர் பெயர் ஹாரி க்ரோ பக். அவர் கதைக்குள் போகுமுன், அவர் படித்த அதே இடத்தில் அவருக்கு முன்னால் இருந்த ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக்கைச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் நினைக்கிற கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிராளியை முட்டிச் சாய்த்து, அடி அடியாக முன்னேறும் ஆட்டம். அங்கே அது முதலில் வளர்ந்தது கல்லூரிகளில். யேல் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பேரெடுத்த ஸ்டாக், 1890-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு வந்து ஓர் அணி திரட்டினார். அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். மறு வருடம், 1891 டிசம்பரில், பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி பாஸ்கட்பாலைக் கண்டுபிடித்தவர் இவர்தான். 1892 மார்ச்சில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரார் முன்னால் மோதினார்கள். மாணவர்கள் 5–1 என்று ஜெயித்தார்கள். ஆசிரியர்கள் போட்ட அந்த ஒரே கூடை ஸ்டாக் போட்டது.

அதே 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தது. அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் பாடம் நடத்தியபோதே ஸ்டாக்கை அறிந்தவர். அவரை அழைத்து உடற்கல்வித் துறையைக் கொடுத்தார். வெறும் கோச்சாக அல்ல, இணைப் பேராசிரியராக, நிரந்தரப் பணியில். இன்று ஜெயித்தால் மாலை, நாளை தோற்றால் மூட்டை என்ற பயமில்லாமல் ஒரு பயிற்சியாளர் வேலை பார்க்க முடிந்தது. ஸ்டாக் அங்கே 41 சீசன்கள் இருந்தார். ஆட்டக்காரர்கள் மோதிப் பழகுவதற்கான பொம்மை முதல், ஆட்டத்துக்கு நடுவே வட்டமாகக் கூடி அடுத்த உத்தியைப் பேசிக்கொள்வது வரை பலவற்றை அவர் பெயரில்தான் வரவு வைக்கிறார்கள்.

70 வயதானதும் 1932-ல் சிகாகோ அவரை ஓய்வில் அனுப்பியது. அவர் ஓயவில்லை. கலிஃபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குப் போய் 1946 வரை பயிற்சி கொடுத்தார். 1943-ல், 81 வயதில், அமெரிக்காவின் அந்த ஆண்டுக்கான சிறந்த கல்லூரிப் பயிற்சியாளர் அவர்தான். 1965-ல் கண் மூடும்போது வயது 102.

இப்போது பக். 1884-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர், ஸ்பிரிங்ஃபீல்டில் தேறியவர். 1919-ல் மெட்ராஸ் வந்து இறங்கினார். அப்போது நம் பள்ளிகளில் விளையாட்டு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் கிடையாது. டிரில் மாஸ்டர் இருந்தார், பட்டாளத்திலிருந்து திரும்பியவர். வரிசையில் நிற்க வைப்பார், கட்டளை போடுவார், கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். பிள்ளையின் உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்தப் படிப்புக்கென்று எழுந்த முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஆரம்பித்தது, பிறகு சைதாப்பேட்டையை ஒட்டிய நந்தனத்தில் பரந்த நிலத்துக்கு நகர்ந்தது. எலும்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாதவன் ஒரு பிள்ளையை ஓட விடக்கூடாது என்பது அவர் கட்சி. அதனால் உடற்கூறும் உடலியலும் பாடமாயின. விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் போட்ட புத்தகம் பல பதிப்புகள் கண்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்தியத் தடகள வீரர்களுக்குப் பயிற்சியாளரும் அவர்தான். இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மாணவர்கள் நந்தனம் வந்தார்கள். படித்துவிட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். சேலத்திலோ கடலூரிலோ ஒரு கிராமத்துப் பிள்ளைக்குச் சர்வீஸ் போடச் சொல்லிக்கொடுத்த கைகளுக்குப் பின்னால் இந்தச் சங்கிலி இருக்கிறது. ஸ்டாக்குக்குப் பரிசு கிடைத்த அதே 1943-ல் பக் மெட்ராஸில் காலமானார்.

ஸ்டாக்குக்குப் பின் அமெரிக்காவில் கல்லூரி கோச் வேலை முழுச் சந்தையாகிவிட்டது. அலபாமா பல்கலைக்கழகத்தின் நிக் சேபன் 2024 தொடக்கத்தில் ஓய்வு பெற்றபோது வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் அதிகம் வாங்குபவர் கவர்னர் அல்ல, கல்லூரி கோச். அந்தக் கூத்து நமக்கு வேண்டாம்.

ஆனால் நாம் எங்கே நிற்கிறோம்? தமிழகத்தில் 2012-ல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், தையல் ஆசிரியர்களோடு உடற்கல்வி ஆசிரியர்களும் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு அது படிப்படியாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டமும் வருடக்கணக்காக நடக்கிறது. மூன்று அரைநாளில் ஒருவர் எந்தப் பிள்ளையைக் கண்டெடுப்பார், எந்தக் காலின் நடையை மாற்றுவார்? நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போன, போகப்போகிற கிராமங்கள் கம்மாபுரம் ஒன்றியத்தில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு போலீஸிலும் ரயில்வேயிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பது சோற்றுக்கான வழி. அந்த வழியைத் திறந்துவிடுகிற ஆள் பி.டி. சார். பி.டி. பீரியடைக் கணக்கு சார் கேட்டால் கொடுத்துவிட வேண்டியவராக அவரை வைத்திருக்கிறோம். ஹார்ப்பர் 1892-ல் கொடுத்த நாற்காலியை, ஒரு பள்ளிக்கு ஒரு முழுநேர உடற்கல்வி ஆசிரியர் என்ற அளவிலாவது நம் அரசு கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரம், பக்கின் சகா ஏ.ஜி. நோரென். தோராப்ஜி டாட்டா தலைவராக இருக்க, 1927-ல் உருவான இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் செயலாளர்.